குப்புறவா, மல்லாக்கவா? தரை, செருப்பு, கைப்பிடி, உடம்பு: எதை முதலில் சரிசெய்வது

ஒருவர் கீழே விழுந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பது ஒன்று. "எங்கே அடி?" என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: குப்புற விழுந்தீர்களா, மல்லாக்க விழுந்தீர்களா?

நானும் கேட்கவில்லை. பாத்ரூமில் விழுந்த அம்மா, "ஒண்ணும் இல்லடா, லேசா வழுக்கிடுச்சு" என்றார். வழுக்கிவிட்டது என்றால் தரைதானே குற்றவாளி? பழைய வழவழப்பான டைல்ஸைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். இரண்டு வாரம் தூசியும் இரைச்சலும். நாலே மாதத்தில், படுக்கையறைக்கு வெளியே, ஒரு சொட்டு ஈரமில்லாத இடத்தில் மறுபடி விழுந்தார். டாக்டர் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு தடவையும் நடுராத்திரி. இரண்டு தடவையும் தூக்க மாத்திரை போட்ட நாள், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்த நேரம். வழுக்கவே இல்லை, கண் இருட்டிக்கொண்டு வந்து கால் மடங்கியிருக்கிறது. தலை சுற்றியது என்று சொல்வதைவிட வழுக்கியது என்று சொல்வது அவருக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது மீசை இல்லாதவர்களுக்கும் உள்ள குணம்தான்.

கையில் இருக்கும் பணமும் நேரமும் அளவானவை. தரையை மாற்றுவதா, நல்ல காலணி வாங்குவதா, கைப்பிடியும் விளக்கும் போடுவதா, உடம்பைக் கவனிப்பதா, ஒரு எச்சரிக்கைப் பலகையோடு நிறுத்திக்கொள்வதா? ஒவ்வொன்றும் ஒருவகை விழுதலுக்குத்தான் மருந்து. வகை தெரியாமல் செலவழித்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

விழுந்த விதத்தை உடம்பே சொல்லும்

வழுக்குவது பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடும் நொடியில் நடக்கிறது. முன்னால் வைத்த கால் பிடிப்பில்லாமல் இன்னும் முன்னே ஓடிவிடும், உடம்பின் பாரம் பின்தங்கும், ஆள் மல்லாக்க விழுவார். அடி வால் எலும்பிலும் முழங்கையிலும் பின்மண்டையிலும் இருக்கும். காலை உந்தி எடுக்கும்போது பின்பக்கமாகச் சறுக்குவதும் உண்டு. ஆனால் அதற்குள் பாரம் முன்காலுக்கு மாறியிருக்கும் என்பதால் அது அவ்வளவாக ஆளைத் தள்ளுவதில்லை.

இடறுவது இதற்கு நேர்மாறு. பின்னால் இருக்கும் காலை எடுத்து முன்னே வீசும்போது விரல்நுனி எதிலாவது மாட்டுகிறது. கால் நின்றுவிடும், உடம்பு போய்க்கொண்டே இருக்கும், ஆள் குப்புற விழுவார். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கால், முகவாய் இவற்றில் காயம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வீசும் காலின் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது தெரியுமா? பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரு விரல் கனத்துக்கு மேல் நாம் காலைத் தூக்குவதே இல்லை. ஒரு ஓடு லேசாக எழும்பியிருந்தால் போதும்.

மூன்றாவது, எங்கள் வீட்டில் நடந்தது: இடறாமல், வழுக்காமல், நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சரிவது. கையில் சிராய்ப்பு இருக்காது, ஏனென்றால் கையை ஊன்றவே நேரம் கிடைத்திருக்காது. அடி நேரே இடுப்பில் இறங்கும். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவதில் பெரும்பங்கு இப்படிப் பக்கவாட்டில் விழுவதால்தான். படிக்கட்டில் கால் தப்புவது ஒரு தனி ரகம், அதைப் பிறகு பார்ப்போம்.

இது சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தரை: எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம்

யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். ஏன் சறுக்கியது என்று கேட்பதில்லை. சமதரையில் சாதாரணமாக நடக்கக் காலுக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 உராய்வுக் கெழு (பிடிப்பை அளக்கும் எண்) இருந்தால் போதும். சுத்தமாகக் காய்ந்திருக்கும் தரை, அது கண்ணாடி மாதிரி மின்னினாலும், இதைத் தாராளமாகத் தந்துவிடும். கதையே தண்ணீர் விழுந்தபிறகுதான். காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும் அளவுக்குத் தரையில் நுண்ணிய மேடுகள் இருந்தால் பிடிப்பு கிடைக்கும். சுத்தமான தண்ணீருக்கு அந்த மேடுகள் சுமார் 20 மைக்ரான் இருந்தால் ஓரளவு போதும், அதாவது தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சோப்பு நீருக்கு இன்னும் வேண்டும், எண்ணெய்க்கு அதைவிட மிக அதிகம். அதனால்தான் குளியலறைக்குச் சரியான தரை சமையலறையில் கைவிட்டுவிடுகிறது.

புதிதாகத் தரை போடுகிறவர் கடையில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10 என்று போட்டிருப்பார்கள். ஒன்பது என்றால் பத்துக்கு ஒன்பது மார்க் மாதிரித் தோன்றும். அந்த அளவுகோலே ஆர்9-இல்தான் தொடங்குகிறது. மேலே ஆர்13 வரை போகிறது. ஆர்9 என்பது கடைசி பெஞ்சு. போதாக்குறைக்கு, அது ஜெர்மானியச் சோதனை: எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் பூட்ஸ் போட்ட ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை டிகிரிச் சாய்வில் அவர் சறுக்குகிறார் என்று பார்ப்பார்கள். ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரி. வெறுங்காலோடு குளிக்கிறவருக்கும் இந்த எண்ணுக்கும் நேரடி உறவில்லை. வெறுங்கால், சோப்பு நீர் என்று தனிச்சோதனை உண்டு. அதில் ஏ, பி, சி என மூன்று வகுப்பு, சி தான் நல்ல பிடிப்பு. பிரிட்டனில் ஊசல் சோதனை என்று ஒன்றை நம்புகிறார்கள். ரப்பர் வைத்த ஊசலை ஈரத்தரையில் உரசவிட்டு எடுக்கும் எண் அது: 36-க்கு மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25-க்குக் கீழே இருந்தால் அதிகம். கடைக்காரரிடம் கேட்பதாக இருந்தால் "ஈரத்தில் ஊசல் மதிப்பு என்ன?" என்று கேளுங்கள். காய்ந்த டைல்ஸைக் கையால் தடவிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

இருக்கிற தரையை வைத்துக்கொண்டு பிடிப்பைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. ரசாயனத்தால் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குவது, பிடிப்புப் பட்டைகள் ஒட்டுவது, கால்மிதி போடுவது. முதலாவது சில டைல்ஸில் நன்றாக எடுக்கும், சிலவற்றில் எடுக்காது. ஒரு மூலையில் சோதித்துப் பார்க்காமல் முழுதும் செய்யக்கூடாது. பட்டைகள் மலிவு. ஓரம் உரியத் தொடங்கிய அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையே காலைத் தடுக்கும். கால்மிதிகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அடியில் ரப்பர் இல்லாத, ஓரம் சுருண்ட கால்மிதியை வழுக்கலைத் தடுக்க என்று வாங்கி, இடறலை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். கனமாக, தரையோடு படிந்து, ஓரம் சரிவாக இருந்தால் போடலாம். இல்லையென்றால் ஈரத்தரையே தேவலை.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி, தண்ணீரை அங்கே வரவிடாமல் செய்வது. ஒழுகும் குழாயைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது மாப். வழவழப்பான தரையில் மாப் போட்டுவிட்டு அப்படியே விடுவது, நாமே கையால் வழுக்குப்பாறை செய்து வைப்பதற்குச் சமம். மாப் அழுக்கை எடுக்கும், ஈரத்தை விட்டுப்போகும். சிந்திய இடத்தை மட்டும் துடைப்பது, உடனே ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாதிப் பாதியாகத் துடைப்பது: இவற்றுக்கு எந்தச் செலவும் இல்லை. சோப்புத்திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் சுத்தம் கூடாது, தரையில் ஒரு படலம்தான் கூடும். சொரசொரப்பான தரைக்கும் இது பொருந்தும். அதன் நுண்குழிகளில் சோப்பும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் புதுத்தரையும் பழையபடி வழுக்கும்.

ஆகவே, விழுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், ஈரத்தில், மல்லாக்க விழுந்தால் பணத்தைத் தரையில் போடுங்கள். அப்போதுகூட முதலில் கசிவு, அடுத்து துடைக்கும் முறை, டைல்ஸ் கடைசியில்.

காலணி

ஈரத்தை ஒழிக்கவே முடியாத இடங்கள் உண்டு: பெரிய சமையற்கூடம், மருத்துவமனை வார்டு, சலவைக்கூடம். அங்கே தரையோடு மல்லுக்கட்டுவதைவிடக் காலில் போடுவதை மாற்றுவது சுலபம். அது பலிக்கும் என்பதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்கள் 4,553 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழுக்காத காலணி கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: கொடுத்த பக்கம் வழுக்கல் 37 சதவீதம் குறைவு. "பார்த்து நட" என்று சொல்லிச் சொல்லி இந்த அளவு குறைத்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிபந்தனை ஒன்று. அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றத்தான் இருக்கின்றன. அவை தேய்ந்து சமமானால் அது வெறும் செருப்பு. குதிகால் பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரியின் அடிப்பாகம் அளவுக்கு வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

வீட்டுக்குள் கணக்கு வேறு. பின்பக்கம் திறந்த தளர்வான செருப்பும், வழவழப்பான தரையில் வெறும் காலுறையும் முதியவர்களுக்கு ஆகாதவை. பாதத்தைச் சுற்றிப் பிடிக்கும், அடி மெல்லிசான, குதி உயராத காலணி வேண்டும். யாரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு: பிடிப்பு அதிகமானாலும் ஆபத்து. காலை இழுத்து இழுத்து நடப்பவருக்கு நன்றாகப் பிடிக்கும் ரப்பர் அடியை மாட்டிவிட்டால், இழுக்கும் கால் தரையில் ஒட்டி நிற்கும், ஆள் குப்புறப் போவார். மல்லாக்க விழுவதற்கான மருந்து குப்புற விழுபவருக்கு விஷமாகிற இடம் இது.

இடறலுக்கு: விளிம்பு, வெளிச்சம், கைப்பிடி

தரையில் எந்த உயர வேறுபாடு ஆபத்து? அமெரிக்காவின் அணுகல்வசதி விதிகளில் செங்குத்தான விளிம்புக்கு அனுமதி கால் அங்குலம், 6 மில்லிமீட்டர் சொச்சம். அரை அங்குலம் வரை சரிவாக்க வேண்டும், அதற்கு மேல் போனால் சாய்தளம். விரல்நுனி போகும் உயரத்தை நினைத்தால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும். வயரைச் சுவரோரமாக ஒட்டுவதும், எழும்பிய ஓட்டைச் சமன்செய்வதும் அரைநாள் வேலை. ஒப்பீட்டில் இதைவிட லாபமான இனமே இல்லை, ஆனாலும் புதிதாக எதையும் வாங்கின திருப்தி இல்லாததால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம்.

படிக்கட்டில் கண் வேலை செய்வது முதல் இரண்டு மூன்று படிகளுக்குத்தான். அதற்குப்பின் கால் மனப்பாடம் செய்துவிடும். மற்றவை ஒரே உயரமாக இருந்து ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடினால், மனப்பாடம் செய்த கால் அங்கே தப்பும். அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரு வரிசைப் படிகளுக்குள் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்கின்றன. கட்டி முடித்த படியை இடித்துக்கொண்டிருக்க முடியாது. ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை, தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் ஓடும் கைப்பிடி, மேலும் கீழும் சுவிட்ச் உள்ள விளக்கு: இவை முடியும். மோசமாக விழுவது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் என்பதால், இறங்குகிறவரின் பலமான கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கைப்பிடி முதலில்.

வெளிச்சம் பற்றி ஒரு கணக்கு. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நமக்குப் போதுமான நைட் லேம்ப் அவர்களுக்கு இருட்டு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்குகள் போடலாம்.

குளியலறையில் டவல் மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது துண்டின் எடைக்காகச் செய்தது. பிடித்து எழுவதற்கான கம்பி 110 கிலோவுக்கு மேல் தாங்கும்படி சுவரில் இறுக்கப்பட வேண்டும். வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை நான் வாங்கமாட்டேன். கைவிடும்போது சொல்லிவிட்டுக் கைவிடுவதில்லை.

இவையெல்லாம் எவ்வளவு உதவும்? முதியவர்களின் வீட்டிலுள்ள ஆபத்துகளைக் களைவது பற்றிய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, மருத்துவச் சான்றுகளை அலசும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023-இல் வந்தது. விழுதல்கள் மொத்தத்தில் 26 சதவீதம் குறைந்தன. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடமாட்டத்துக்குச் சிரமப்படுபவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களிடம் 38 சதவீதம். ஆபத்து அதிகம் என்று தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் வீட்டில் குறிப்பிடும்படியாக ஒன்றும் குறையவில்லை. அதாவது நாற்பது வயதுக்காரர் தன் குளியலறையில் ஐந்து கம்பி மாட்டுவது அலங்காரம். ஒருமுறை விழுந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே கம்பி மருந்து.

உடம்பு: கண்ணுக்குத் தெரியாத பக்கம்

சரிந்து விழுபவருக்கு மேலே சொன்ன எதுவும் முழு விடை ஆகாது. இங்கேதான் செலவு குறைவு, பலன் அதிகம், ஆர்வம் மிகக் குறைவு.

முதலில் மாத்திரைப் பெட்டி. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள், ரத்த அழுத்த மருந்துகள் நடையைத் தள்ளாட வைக்கும். 1999-இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று, மனநிலை மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தபோது விழும் அபாயம் 66 சதவீதம் இறங்கியதாகச் சொன்னது. ஒரே ஒரு வழியால் இவ்வளவு இறங்குவது அபூர்வம். அதே ஆய்வின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும்: ஆய்வு முடிந்ததும் பலர் பழைய மருந்துக்கே திரும்பிவிட்டார்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அங்கேதான் பிரச்சினை.

அடுத்தது பயிற்சி. 108 சோதனைகள், 23,000-க்கும் மேற்பட்டவர்கள். 2019-இல் வந்த கோக்ரேன் மதிப்பாய்வில் விழுதல் விகிதம் 23 சதவீதம் குறைவு. எந்தப் பயிற்சி என்பதுதான் முக்கியம். சமநிலைக்கும் கால்வலுவுக்கும் செய்வது பலன் தரும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, ஒற்றைக்காலில் நிற்பது, தாய்ச்சி என்கிற மெதுவான சீன உடற்பயிற்சி. வெறும் வாக்கிங் விழாமல் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நல்ல வாக்கிங் போகிற அப்பா எப்படி விழுந்தார் என்று வியப்பவர்களுக்கு இது பதில்.

கண்ணாடியும் விழவைக்கும். பைஃபோகல், புராகிரஸிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பாதி படிப்பதற்காகச் செய்தது. படியில் இறங்கும்போது அந்தப் பாதி வழியாகத்தான் காலைப் பார்க்கிறோம், விளிம்பு மங்கிவிடுகிறது. 2010-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வெளியே அதிகம் நடமாடுகிற முதியவர்களுக்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக்கண்ணாடி கொடுத்தபோது அவர்கள் விழுவது குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களிடமோ வெளியில் விழுவது கூடியது. கண்புரை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வைட்டமின் டி மாத்திரை மட்டும் போட்டால் விழமாட்டோம் என்ற நம்பிக்கைக்குச் சான்று ஆதரவாக இல்லை.

யாருக்கு இந்தப் பக்கம் அவசரம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டைல்ஸ் கடைக்குப் போகாதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

மஞ்சள் பலகை

"தரை ஈரமாக உள்ளது, கவனம்." தரை காய்கிற பத்து நிமிடத்துக்கு இது சரி. நாள் முழுதும் அங்கேயே நின்றால் அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: இங்கே வழுக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் சரிசெய்ய உத்தேசமில்லை. இரண்டாம் நாளே யார் கண்ணிலும் படாது. காலைத் தடுக்கும் ஒரு பொருளாக மட்டும் மிஞ்சும்.

என் வரிசை

வேலையிடம், ஈரம் தவிர்க்க முடியாதது, ஆட்கள் திடமானவர்கள்: கசிவு, துடைக்கும் முறை, காலணி, அப்புறம் தரை. திடமானவர்கள் இருக்கும் வீடு: வயரும் விளிம்பும் கால்மிதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறகு படியில் இறங்கும்போது கையில் போன் இல்லாதிருப்பது. ஒருமுறையாவது விழுந்த முதியவர்: மாத்திரைப் பெட்டி, கண், ராத்திரி விளக்கு, குளியலறைக் கம்பி, பயிற்சி, இந்த வரிசையில். தரையை மாற்றுவது, ஈரத்தில் வழுக்கியதற்கு உடம்பில் அடையாளம் இருந்தால் மட்டும்.

அம்மாவுக்கு டாக்டர் தூக்க மாத்திரையை இரண்டு மாதத்தில் மெல்லமெல்லக் குறைத்தார். கட்டிலில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார். கழிப்பறைக்குப் போகும் வழியில் மூன்று சின்ன விளக்குகள். புது டைல்ஸைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான்: தேய்த்துக் கழுவச் சிரமமாக இருக்கிறதாம்.